தடைக்காலத்து விரதம்

ஏப்ரல் 17

இன்று முதல் நான் ஊமை. டாக்டரம்மா உத்தரவு.

பத்து நாளைக்கு ஒரு சொல் வாயிலிருந்து வரக் கூடாது. குசுகுசுவென்றும் பேசக் கூடாதாம், அது சத்தம் போடுவதைவிடக் கெடுதலாம். கனைக்கக் கூடாது. இருமல் வந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். "எது வேணுமோ எழுதிக் காட்டுங்க" என்று ஆஸ்பத்திரி வாசல் கடையில் என் பெண்டாட்டி பவுனு இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். தண்ணி, ஃபேன், மூத்திரம் என்று மூன்று சொல் எழுதினேன். மிச்சப் பக்கமெல்லாம் சும்மா கிடப்பானேன் என்று இதை ஆரம்பித்துவிட்டேன். பேசாமலும் எழுதாமலும் இருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் துறைமுகம். அங்கே மீன் ஏலம் விடுகிற தங்கையன் நான். நான் தரையில் நின்று "ஒரு தரம்" என்றால் முகத்துவாரத்தில் வருகிற படகுக்காரனுக்கு அன்றைய வஞ்சிர விலை தெரிந்துவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கொஞ்சம்தான்.

பொங்கலிலிருந்து குரல் கம்மிப் போயிருந்தது. ஏலக்காரனுக்குத் தொண்டை கட்டாமல் வேறு யாருக்குக் கட்டும் என்று விட்டுவிட்டேன். பவுனு விடவில்லை. தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் ஜெசிந்தா மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டு டி.வி.யில் காட்டினார். என் தொண்டையை நானே பார்த்தேன். இவ்வளவு பெரிய குரல் வந்தது இந்த இரண்டு சின்ன நாடாவிலிருந்துதானா! அதில் ஒன்றின்மேல் வெள்ளையாக ஒரு சோற்றுப் பருக்கை. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பருக்கை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது தடைக்காலம். ஜூன் பாதி வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஏலமும் இல்லை. மீன் குஞ்சு பொரிக்கட்டும், நாம் தொண்டையை ரிப்பேர் பார்த்துக்கொள்வோம் என்று நாள் குறித்தோம்.

நேற்று முடிந்துவிட்டது. வாய்க்குள் ஒரு குழாயை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, லேசரால் பருக்கையைச் சீவி எடுத்துவிட்டார்களாம். மயக்கம் தெளிந்ததும் முதலில் கழுத்தைத் தடவினேன். கட்டு இல்லை, தையல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. குடல்வால் எடுத்த என் தம்பிக்கே ஒரு சாண் தழும்பு இருக்கிறது!

நஷ்டம் ஒன்றுதான். குழாய் இடித்து என் முன்பல்லின் முனை உடைந்துவிட்டது. டாக்டரம்மா பருக்கையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார், நான் பல்லைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 18

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்த கையோடு பவுனு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டுக் கனகாம்பாள் பிடித்துக்கொண்டது. "என்ன மாமா, ரெண்டு நாளா ஆளையே காணும்?" நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டது. திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததை அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, பயந்துவிட்டது. பவுனு சட்டென்று சொன்னாள்: "மாரியம்மனுக்கு வேண்டுதல் கனகு. மௌன விரதம். தடைக்காலம் முடியிற வரைக்கும் பேசமாட்டாங்க."

முடிகிற வரைக்கும்! டாக்டரம்மா சொன்னது பத்து நாள். இவள் வாய்க்கு வந்தபடி இரண்டு மாதம் போட்டுவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் நோட்டில் பெரிய எழுத்தில் ஏண்டி என்று எழுதிக் காட்டினேன்.

"பின்ன என்னத்தச் சொல்றது? அந்த வார்த்த வெளிய போச்சுன்னா சங்கத்துல உங்களுக்கு ஓய்வு குடுத்துடுவாங்க. வடக்குத் தரையையும் சித்திரவேலுகிட்ட தூக்கிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை. கழுத்துல ஒரு கீறல் இல்ல, ராத்திரி ரெண்டு தங்கினோம், வந்துட்டோம். யாருக்குத் தெரியப்போவுது?"

எங்கள் துறைமுகத்தில் ஏலத் தரை இரண்டு. வடக்கு எனக்கு, தெற்கு சித்திரவேலுக்கு. அவன் பவுனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எனக்கு இருபது வருஷப் போட்டி. என் தரைமேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். பவுனு சொன்னதில் தப்பில்லை. ஆனால் இரண்டு மாதம்!

ஏப்ரல் 20

நான் சாமியாராகிவிட்டேன்.

காலையிலிருந்து ஆள் வருகிறது. துறைமுகத்திலேயே பெரிய வாய் மூடிக்கொண்டது என்றால் அம்மன் நேரில் வந்துதான் மூடியிருப்பாள் என்று பேச்சாம். வாழைப்பழம், இளநீர், சாமந்தி மாலை. ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள், அது என் வேட்டியை நனைத்தது, அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

சங்கத் தலைவர் ராசமாணிக்கமே வந்தார். "பழைய படக வித்துடலாமா, இல்ல எஞ்சின மட்டும் மாத்தலாமான்னு ஒரே கொழப்பம் தங்கையா. நீதான் சொல்லணும். விக்கட்டுமா?" அந்த நேரம் பார்த்துக் காதில் ஒரு கொசு. தலையை உதறினேன். "விக்க வேணாங்கிறாரு!" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மத்தியானமே எஞ்சினைக் கழற்ற ஆள் வந்ததாகப் பவுனு சொல்கிறாள்.

ஏப்ரல் 22

பீடியை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 25

தஞ்சாவூரிலிருந்து போன். பவுனு என் காதில் வைத்தாள். "தங்கையன், ரிசல்ட் வந்துருச்சு. வெட்டி எடுத்த ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. மிச்சம் எதுவும் இல்ல. கேக்குதா?"

கேட்கிறது தாயே, கேட்கிறது! கத்த முடியவில்லை. கையில் கிடைத்த தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் அடித்தேன். கட்டில்மேல் ஏறிக் குதித்தேன், ஒரு சட்டம் முறிந்தது. பவுனு அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே சட்டத்துக்காகத் திட்டினாள். கனகாம்பாள் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "மாமாவுக்கு அருள் வந்துருச்சு!" என்று தெருவைக் கூட்டிவிட்டது. என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்கள். நானும் அப்படியே நின்று ஆடினேன். ஆடாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 28

இன்று தஞ்சாவூரில் பேசினேன்.

டாக்டரம்மா கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் புடிச்ச ஒரு சொல்லு சொல்லுங்க, மெதுவா" என்றார். வரும் வழியெல்லாம் "ஒரு தரம்" என்று சொல்லத்தான் தயார் செய்திருந்தேன். வந்தது "பவுனு."

அது என் குரலே இல்லை. பாதி காற்று, பாதி கரகரப்பு. எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தது. பவுனு மட்டும், "நல்லாத்தான் இருக்கு" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இன்னும் சில மாதத்தில் தேறுமாம். பழையபடி முழுசாக வருவது சந்தேகம்தானாம். "பேசலாம், தாராளமா பேசலாம். கத்தக் கூடாது. ஏலத்துக்கு மைக் வச்சுக்குங்களேன்" என்றார். மைக்கா? திருவிழாவில் காணாமல்போன பிள்ளையைத் தேடுகிறவனா நான்? வேறு டாக்டராக இருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

கிளம்பும்போது சொன்னதை எழுதி வைக்க வேண்டும். "நீங்க அதிர்ஷ்டக்காரர் தங்கையன். இவ்வளவு சின்னதுல வந்தா பத்துல ஒம்பது பேருக்கு மேல பொழைச்சு நல்லா இருக்காங்க, குரலோட. ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா குரல்பெட்டியையே எடுத்துட்டு, கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு விட வச்சிருப்பேன். யாருக்காவது மூணு வாரத்துக்கு மேல தொண்டை கட்டியிருந்தா உடனே அனுப்புங்க."

அனுப்பலாம். நான்தான் விரதத்தில் இருக்கிறேனே.

மே 3

பவுனு என் சட்டையை மோந்து பார்த்தாள். பக்கத்தில் யாரோ வலை எரித்த புகையாக இருக்கும் என்று எழுதிக் காட்டினேன். வீட்டுக்குள் பேசலாம் என்பதே மறந்துவிட்டது.

மே 9

பயிற்சி. கதவைச் சாத்தி, டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டு, "ம்ம்ம்" என்று இழுக்க வேண்டும். பிறகு "மா, மீ, மூ." பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது: "வஞ்சிரம், சங்கரா, கிழங்கான்." பவுனு மீன்காரியாக நின்று கேட்கிறாள். சமையலறை தாண்டிக் கூடம் வரைக்கும் குரல் போகிறது! போன வாரம் அடுப்பைத் தாண்டவில்லை. இன்று இருவருக்கும் கொண்டாட்டமாக இருந்தது, முருங்கைக்காய் போட்டு இறால் வைத்தாள். காரம் இல்லாமல்தான். அதுவும் டாக்டரம்மா உத்தரவு.

மே 20

யார் வந்தது என்று எழுதினால் நானே நம்பமாட்டேன். சித்திரவேல்!

ஒரு குலை இளநீரை வாசலில் வைத்துவிட்டு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பொங்கல் மாதத்துக் குரல்.

"மாசி மகத்துலேருந்து இப்படித்தான் மச்சான். எல்லாக் கசாயமும் குடிச்சாச்சு, பனங்கல்கண்டு மூட்ட மூட்டயா தின்னாச்சு. தடைக்காலம் முடிஞ்சா நா எப்புடி ஏலம் விடுறது? நமக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆத்தா ஒங்கிட்டதான் நிக்கிறா. நல்ல வாக்கு ஒண்ணு குடு."

உண்மையைச் சொன்னால் என்ன, இது என் நோட்டு. எனக்குள் ஒரு பட்டாசுக் கட்டே வெடித்தது. வடக்கும் என்னுடையது, இனித் தெற்கும் என்னுடையது! திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசினேன், தாராளமாகவே.

மே 21

சோறு இறங்கவில்லை. வெயிலாக இருக்கும்.

மே 22

மாசி மகத்திலிருந்து. இப்போது வைகாசி. மூன்று வாரம் எங்கே, மூன்று மாதம் எங்கே.

மே 23

பவுனிடம் சொல்லிவிட்டேன். மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டே பேசினோம்.

"அவனுக்கும் அதுதான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது. காட்டினாத்தானே தெரியும்?"

"நீங்க எப்புடிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பான். அப்பறம்?"

"ஒந்தம்பிடி அவன்."

மிக்ஸியை நிறுத்தினாள். உள்ளே சட்னி எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். "எனக்கு நீங்கதான் மொதல்ல" என்றாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "எழுதிக் குடுங்க. வாயால சொன்னாத்தானே வெனை?" என்றாள்.

அருமையான யோசனை! ஒரு தாளில் எழுதினேன்: தஞ்சாவூர் போ. தொண்டையைக் காட்டு. தாமதிக்காதே. அவன் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்தேன். சித்திரவேல் படித்துவிட்டு அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாளைக்கே கிளம்புகிறேன் என்றான். விரதமும் கலையவில்லை, வேலையும் முடிந்தது. நேற்றைக்குச் சேர்த்து இன்று இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

மே 30

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை.

படகெல்லாம் கரையில் பெயிண்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது. நான் அங்கே போனால் எல்லோரும் கும்பிடுவார்கள், எனக்கும் அது பழகிவிட்டது. ராசமாணிக்கம் தன் படகு முகப்பில் கண் வரையச் சொல்லி என்னிடம் பிரஷ்ஷைக் கொடுத்தார். அப்போது சித்திரவேல் வந்தான். மொட்டை. தலை முழுக்கச் சந்தனம். கையில் பிரசாதத் தட்டு. முகம் பூரித்துக் கிடந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றான், அந்த அறுந்த குரலில். "மச்சான் எழுதிக் குடுத்தது ஆத்தா வாக்கு. சொன்னபடியே தஞ்சாவூருக்குப் போனேன். புன்னைநல்லூர்ல மாரியாத்தா முன்னாடி நின்னு, வாயைப் பொளந்து, தொண்டையைக் காட்டினேன். வெள்ளியில ஒரு தொண்டை உருவும் செஞ்சு போட்டேன். இனி கவலையில்ல மச்சான்!"

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை.

"டாக்டர்கிட்டடா மடையா! டாக்டர்கிட்டக் காட்டுடா!"

கரையில் சுத்தியல் சத்தம் நின்றது. என் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது, ஆனால் எல்லோருக்கும் கேட்டிருந்தது. கனகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ராசமாணிக்கத்தின் முகம் கறுத்தது. "வெரதத்த ஒடச்சிட்டியே தங்கையா. கடலுக்குப் போற நேரத்துல ஒடச்சிட்டியே."

"வெரதமே இல்லண்ணே. ஆஸ்பத்திரி. தொண்டையில ஒண்ணு இருந்துச்சு. லேசர்ல எடுத்துட்டாங்க."

"என்ன ஒண்ணு?"

"அதான்... அது."

சித்திரவேல் கிட்டே வந்து என் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "தழும்பே இல்லியே மச்சான். வெரதத்த ஒடச்ச பாவத்துக்குப் பயந்து கத கட்டுறியா?" நான் வாயைப் பிளந்து காட்டினேன். உடைந்த பல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாகச் செய்தால் எவன் நம்புவான்? டாக்டரம்மாமேல் அந்த நிமிஷம் எனக்குக் கோபமே வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவுனு வந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ, அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள், கையெல்லாம் செதில். வந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னாள். எந்த வார்த்தைக்குப் பயந்து எனக்கு விரதம் கட்டிவிட்டாளோ, அந்த வார்த்தையை, நடுக்கரையில், எல்லாப் படகுக்கும் கேட்கிற மாதிரி. "பொய் சொன்னது நான். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ மொதல்ல தஞ்சாவூர் கெளம்புடா சித்திரவேலு. நானே கூட வர்றேன்."

கடைசியில் ராசமாணிக்கம்தான் கேட்டார். "அப்ப எஞ்சின மாத்தச் சொல்லித் தலையாட்டினியே, அது?"

"கொசு" என்றேன்.

மே 31

யாரும் வரவில்லை. வாழைப்பழமும் வரவில்லை.

ஜூன் 2

மூன்று பேருமாகத் தஞ்சாவூர். டி.வி.யில் சித்திரவேலின் தொண்டை. நானே முதலில் பார்த்துவிட்டேன், டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள். அதே இடம். அதே பருக்கை. என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது, அதிலும் எனக்குப் போட்டி.

"சின்னதுதான். சரியான நேரத்துல வந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

சித்திரவேல் என் கையைப் பிடித்தான். வெளியே வரும்வரை விடவில்லை. என் விரல் இன்னும் வலிக்கிறது.

ஜூன் 6

பீடியை விட்டுவிட்டேன். இந்தத் தடவை நிஜமாக.

ஜூன் 9

சித்திரவேலுக்கு முடிந்தது. துணைக்கு நான்தான் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் முதல் காரியமாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு பல்லைத் தடவினான். பல் முழுசாக இருந்தது. என்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு! வாசல் கடையில் அவனுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 12

சங்கத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். தெற்கில் ஆளே இல்லை, வடக்கில் அரை ஆள். வெளியூரிலிருந்து ஓர் ஏலக்காரரைக் கொண்டுவரப் பேச்சு நடக்கிறதாம். "மொத நாளு நீ விட்டுப் பாரு" என்றார் ராசமாணிக்கம். "குரல் நிக்கலன்னா மறுநாள் அவரு வந்துடுவாரு. மனசுல வச்சுக்காதே." கோபம் இல்லாமல்தான் சொன்னார், அதுதான் சுட்டது.

வீட்டுக்கு வந்து பவுனிடம், "அந்த மைக்கு எங்கடி கெடைக்கும்?" என்று கேட்டேன். பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். ஏப்ரல் மாதமே வாங்கி வைத்திருக்கிறாள் கள்ளி.

ஜூன் 16

படகு வந்துவிட்டது!

விடிகிறபோது முகத்துவாரத்தில் முதலில் தெரிந்தது ராசமாணிக்கத்தின் படகு. புது எஞ்சின் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. "கொசுவுக்கு ஒரு கும்பிடு போடணும்யா" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பெட்டி பெட்டியாக வஞ்சிரம், சங்கரா, நண்டு. இரண்டு மாதமாக வெறும் உப்பாக நாறிய கரையில் மீன் வாடை. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வடக்குத் தரையிலேயே எல்லாவற்றையும் குவிக்கச் சொன்னேன். வியாபாரிகள் வளைத்து நின்றார்கள். மைக்கைப் பார்த்து ஒருத்தன், "யார் பிள்ள காணாமப் போச்சு?" என்றான். நான் வைத்திருந்த ஜோக்கையே என்மேல் வீசுகிறான்!

வாயைத் திறந்தேன். கரகரவென்று அதே கதவுக் குரல், மைக்கில் இன்னும் பெரிய கதவாக. சிரிப்பு நின்றுவிட்டது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதல் கூறு போனது. இரண்டாவது போனது. ஐந்தாவது கூறில் காற்று மட்டும்தான் வந்தது. மைக் இருந்தும் ஒன்றும் இல்லை. "மூணு தரம்" என்று முடிக்க வேண்டிய இடம், முடிக்கவில்லையென்றால் விலை நிற்காது. ராசமாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. மூன்று விரல். சித்திரவேல்! பேசக் கூடாது என்று வீட்டில் இருக்கச் சொன்ன ஆள், எப்போது வந்து நின்றான் என்றே தெரியவில்லை. மூன்று விரலையும் எல்லோருக்கும் காட்டிவிட்டு, நண்டுக் கூடையைக் காலால் தட்டி வாங்கியவன் பக்கம் தள்ளினான். விலை நின்றுவிட்டது.

பிறகு அப்படியே போனது. விலையை நான் சொல்வேன், மெதுவாக. தரத்தை அவன் விரல் சொல்லும். ஒன்று, இரண்டு, மூன்று. கத்தவே வேண்டியதில்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் குரல் தாங்கி நின்றது. வெளியூர்க்காரர் வர வேண்டாம் என்று ராசமாணிக்கம் அங்கேயே போன் போட்டார்.

கூட்டம் கலைகிற நேரம், காரைக்காலிலிருந்து புதிதாக வந்த ஒரு வியாபாரி சித்திரவேலைக் காட்டிக் கேட்டார். "இந்த அண்ணன் ஏன் பேசவே மாட்டேங்கிறாரு? எதாவது வெரதமா?"

சித்திரவேல் என்னைப் பார்த்தான். பவுனு, கூடையைத் தலையில் தூக்கப்போனவள், அப்படியே நின்றாள்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அணைக்கவில்லை.

"வெரதம் இல்ல தம்பி. கேன்சர். எனக்கும் அதுதான். ரெண்டு பேருக்கும் வாய் வழியாவே எடுத்துட்டாங்க. ஒனக்குத் தெரிஞ்ச யாருக்காவது தொண்டை கட்டியிருந்தா சொல்லு, டாக்டர் நம்பர் தர்றேன்."

கரை முழுக்கக் கேட்டது. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.